பரமார்த்த குருவும் பக்கத்து வீட்டு முத்தாவும்



சில மாதங்களுக்கு முன்னர் வெள்ளவத்தையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தொடர்மாடி ஒன்றில் வாழும் உறவினர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டுச் சிறுவனுக்கு வயது ஒன்பது. அவனது மேசையின்மேல் நூல்கள் இரண்டு அடுக்குகளாக இருந்தன. ஓர் அடுக்கு ஆங்கிலக் கதைநூல்கள். அவற்றின் அட்டைகள் தேய்ந்து, மூலைகள் மடிந்திருந்தன. மற்றைய அடுக்கு தமிழ். பாடநூல், பயிற்சிநூல், பழைய வினாத்தாள்கள். "தம்பி, தமிழிலே கதை வாசிப்பதில்லையோ?" என்று வினவினேன். "தமிழ் சோதினைக்குத்தானே, மாமா" என்றான்.

அவன் குறும்பாகச் சொல்லவில்லை; கண்டதைச் சொன்னான். ஆனால், சோதினைக்கு மட்டும் உரிய மொழி, சோதினை முடிந்த மறுநாளே மூடி வைக்கப்படும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவன் விரும்பி வாசித்தவை எவை என்று பார்த்தேன். எனிட் பிளைட்டன் என்னும் ஆங்கில அம்மையார் 1939ஆம் ஆண்டில் தொடங்கி எழுதிய மாய மரக் கதைகள் அவை. வானளாவிய மரம் ஒன்று. அதன் உச்சியிலே ஒவ்வொரு முறையும் ஒரு புது உலகம் வந்து நிற்கும். அம்மரத்திலே உடலெங்கும் சட்டிகளைக் கட்டித் தொங்கவிட்ட ஒருவர் வாழ்கிறார். சட்டிகளின் ஓசையால் அவர் எதையும் பிழையாகவே கேட்பார். மாயமும் உண்டு, சிரிப்பும் உண்டு. அறிமுகமானவர்களே மீண்டும் மீண்டும் வருகிறார்கள். ஒரு நூலை முடித்தவன் மறு நூலைத் தேடாமல் வேறென்ன செய்வான்?

இத்தகைய கதை வரிசை நம்மிடம் இல்லையோ என்றால், எப்போதோ இருந்தது. வீரமாமுனிவர் எனத் தமிழுலகம் போற்றும் பெஸ்கிப் பாதிரியார் 1680 முதல் 1747 வரை வாழ்ந்தவர். இத்தாலியிலே பிறந்து, தமிழ்நாட்டிலே தமிழ் பயின்று, தேம்பாவணி பாடிய அப்பெரியார், பேச்சுத் தமிழைப் பயில்வோருக்கு உதவும் பொருட்டுப் பரமார்த்த குருவின் கதையையும் எழுதி வைத்தார். காவியம் பாடிய கை, மூடர் கதை எழுதவும் கூசவில்லை. 1822ஆம் ஆண்டிலே பாபிங்டன் என்பவர் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சிட்டார்.

குருவுக்குச் சீடர் ஐவர். மட்டி, மடையன், பேதை, மூடன் எனப் பெயர்களே அவர்களது கல்வித் தகைமையைக் கூறிவிடும். ஒருநாள் அறுவரும் ஓர் ஆற்றங்கரையை அடைகின்றனர். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து என்பது குருவின் கொள்கை. சீடன் ஒருவன் எரியும் கொள்ளிக்கட்டையை நீரிலே வைக்கின்றான். 'சுர்' என்று ஓசை எழுகின்றது, புகை வருகின்றது. ஆறு சீறுகிறது என்று ஓடி வருகின்றான். நெடுநேரம் காத்திருந்து, அணைந்துபோன அதே கட்டையை மீண்டும் நீரில் வைக்கின்றான். ஓசை இல்லை. ஆறு உறங்கிவிட்டது! மெல்ல மெல்ல அடிவைத்து அக்கரை சேர்ந்தபின் எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகின்றான், ஐவரே உளர். ஆறு ஒருவரை விழுங்கிற்று என்று அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன், தான் மந்திரத்தால் மீட்டுத் தருவதாகப் பணம் பேசி, அறுவரையும் வரிசையாக நிறுத்தி, முதுகிலே ஒவ்வோர் அடி கொடுத்து எண்ணச் செய்கின்றான். அடி ஆறு விழுந்ததும் ஆளும் ஆறாகிவிடுகின்றது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உறங்கும் ஆறு, ஆள் மீட்கும் மந்திரம், பிறிதொரு கதையிலே குதிரை முட்டை என்று விலைக்கு வாங்கப்படும் பூசணிக்காய், அது விழுந்து உடைந்தபோது புதரிலிருந்து ஓடிய முயலைக் குதிரைக் குட்டி என்று துரத்துதல், இவை யாவும் மாயக் கதைக்குரிய பொருள்கள். ஆனால் இக்கதையிலே மாயம் ஒன்றுகூட நிகழவில்லை. மாயத்தை நம்புகிறவர்கள் குருவும் சீடரும் மட்டுமே. கேட்டுக்கொண்டிருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு உண்மை தெரியும். அக்குழந்தை தன் வாழ்நாளிலே முதன்முறையாக ஒரு குருவை விட அதிகம் அறிந்திருக்கின்றது. வீட்டிலும் பாடசாலையிலும் நாள் முழுவதும் திருத்தப்படுகின்ற ஒரு பிள்ளைக்கு, தானே பிறரைத் திருத்தக் கிடைக்கும் இந்தச் சில நிமிடங்கள் எத்துணை இன்பமானவை!

இனி, நாம் வாழும் கொழும்பு நகரை நோக்குவோம். கொட்டாஞ்சேனையிலே ஒரு மதிலுக்கு இப்பால் தமிழும் அப்பால் சிங்களமும் பேசப்படுகின்றன. அப்பால் உள்ள பிள்ளைகளுக்கும் ஒரு குரு உளர். அவர் பெயர் மகாதெனமுத்தா. யாவும் அறிந்த பெரும் பாட்டனார் என்பது பொருள். அவருக்கும் சீடர் ஐவரே. ஊசியைப் போல மெலிந்தவன் ஒருவன்; பாதித் தேங்காய் போன்ற முகமுடையவன் மற்றொருவன். ஓர் ஊரிலே ஆடு ஒன்று பானைக்குள் தலையை விட்டு எடுக்கமாட்டாமல் தவிக்கின்றது. முத்தா யானைமீது வருகின்றார். யானை நுழைய வாயில் போதாது. மதிலை இடியுங்கள் என்கின்றார். உள்ளே வந்து, நன்கு சிந்தித்து, ஆட்டின் தலையை வெட்டுங்கள் என்கின்றார். வெட்டியபின் தலை பானைக்குள் கிடக்கின்றது. இப்போது பானையை உடையுங்கள் என்கின்றார். மதிலும் போயிற்று, ஆடும் போயிற்று, பானையும் போயிற்று. ஆயினும் முத்தாவின் புகழ் போகவில்லை.

இந்த இரு குருமாரில் எவர் மூத்தவர் என்று வழக்காடுவது நம் வேலையன்று. ஆற்றின் உறக்கத்துக்குச் சிரித்த பிள்ளை ஆட்டின் தலைக்கும் சிரிக்கும். மதிலின் இரு புறமும் ஒரே வகையான பெரியோர் இருக்கின்றனர் என்பதை அது தானே கண்டுகொள்ளும். ஒற்றுமை பற்றி நாம் ஆற்றும் உரைகளை விட அந்தச் சிரிப்பு நெடுநாள் நிலைக்கும் என்று நான் நம்புகின்றேன்.

சிங்களக் கிராமங்களிலே வழங்கும் கமராளையின் கதையும் இவ்வகையினதே. தேவலோகத்து யானை ஒன்று இரவிலே வந்து வயலை மேய்கின்றது. கமராளை அதன் வாலைப் பற்றிக்கொண்டு தேவலோகம் சென்று மீள்கின்றார். மறுமுறை ஊராரும் ஒருவரை ஒருவர் பற்றித் தொங்கிக்கொண்டு உடன் செல்கின்றனர். நடுவானிலே, தேவலோகத்தில் அளக்கும் படி எவ்வளவு பெரிது என்று கீழே தொங்குகிற ஒருவர் கேட்கின்றார். இவ்வளவு பெரிது என்று காட்டக் கமராளை இரு கைகளையும் விரிக்கின்றார். எஞ்சியதை நான் கூறவேண்டியதில்லை.

மாயம் மெய்யாகவே நிகழ்கின்ற வரிசையும் நம்மிடம் உண்டு. விக்கிரமாதித்தன் தோளிலே வேதாளம் கதை சொல்கின்றது. இறுதியில் புதிர் போடுகின்றது. அரசன் விடை கூறி மௌனம் கலைந்ததும் மீண்டும் மரத்தில் ஏறிக்கொள்கின்றது. தொடர்கதைக்கு இதனினும் சிறந்த பொறி கிடைப்பதரிது. 1947ஆம் ஆண்டு சென்னையிலே தோன்றிய அம்புலிமாமா, பழைய இருபத்தைந்து கதைகள் தீர்ந்த பின்னரும் புதுக் கதைகள் புனைந்து பல்லாண்டுகள் அந்த வேதாளத்தை இறங்கவும் ஏறவும் வைத்தது. ஓவியர் சங்கர் வரைந்த, வாளேந்திப் பிணம் சுமக்கும் அரசனின் படத்தை மறந்தவர் எவர்? 1970களிலே இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது நம் பிள்ளைகள் அவ்விதழுக்காக ஏங்கினர். இன்று அவ்விதழே நின்றுவிட்டது.

நூல்கள் இவ்வாறு வரலாம், நிற்கலாம். 1983 ஆடி மாதத்திலே இந்நகரின் தமிழ் வீடுகள் பல எரிந்தபோது, அலுமாரிகளோடு நூல்களும் எரிந்தன. அம்மம்மாவின் நாவிலே இருந்த கதைகளோ, அவரோடு கப்பலேறி யாழ்ப்பாணம் போயின. விமானமேறி இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போயின. ஆனால் அம்மம்மா சொல்லாது விட்டால், எரிக்காமலே அவை அழிந்துவிடும். எனக்கு இன்றுள்ள அச்சம் அதுவே.

ஆகவே பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். நாளொன்றுக்கு ஒரு கதை சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம். வேதாளம் மரமேறுவதுபோல, மிகுதி நாளைக்கு என்று எழுந்துவிடுங்கள். 'இக்கதையால் அறியும் நீதி யாது?' என்று கேளாதீர்கள். கேட்டவுடன் கதை மீண்டும் வினாத்தாளாகிவிடும். வேண்டாதவற்றை விலக்கவும் தயங்காதீர்கள். பரமார்த்தரின் எஞ்சிய சீடனுக்கு மிலேச்சன் என்று பெயர். பிற இனத்தாரை இழித்த சொல் அது. வேறு பெயர் வைத்தால் கதை கெட்டுவிடாது. உடல் மெலிந்தவனையும் பருத்தவனையும் கண்டு சிரிக்காமல், அவர்களது புத்தியைக் கண்டு சிரிக்கும்படி சொல்வது சொல்பவரின் திறமை. நூலாக வேண்டுவோர்க்கு, 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையிலேயே இருக்கின்றது. எழுத்தாளர்களுக்கும் ஒரு சொல்: காலி வீதியின் வாகன நெரிசலிலே பரமார்த்த குருவும் சீடரும் அகப்பட்டுக்கொண்டால் என்ன நிகழும் என்பதை இன்னும் ஒருவரும் எழுதவில்லையே என்று நம் பிள்ளைகள் காத்திருக்கின்றனர்.

அன்றிரவு நான் அச்சிறுவனுக்கு ஆற்றைக் கடந்த கதையைச் சொன்னேன். முதலில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கொள்ளிக்கட்டை அணைந்ததும் தொலைபேசியைக் கீழே வைத்தான். எண்ணும் இடம் வந்தபோது பொறுக்கமாட்டாமல், "ஐயோ மாமா, அவர் தன்னை எண்ணேல்லை!" என்று கத்தினான். குரு அடுத்த நாள் என்ன செய்தார் என்று கேட்டான். நான் சொல்லவில்லை.

மறுநாட் காலை எல்லோரும் வெளியே புறப்பட்டு மின்தூக்கியின் முன் நின்றோம். அவன் விரலை நீட்டி எங்களை ஒவ்வொருவராக எண்ணினான். பின்னர் முகத்தை மிகவும் துயரமாக வைத்துக்கொண்டு, தமிழிலே சொன்னான்: "அம்மா, ஒராள் குறையுது. கடல் விழுங்கிப் போட்டுது."