கடலை விடுங்கள், பொம்மைகளைப் பாருங்கள்

அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' உங்களில் பலர் படித்த கதைதான். டெவன் கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவு, அதில் மாட்டிக்கொண்ட பத்துப் பேர், ஒருவர் பின் ஒருவராகச் சாவு. 1939-இல் வந்த நாவலை 1943-இல் கிறிஸ்டியே நாடகமாக்கினார். முடிவை மாற்றி இருவரைப் பிழைக்கவும் வைத்தார். இங்கிலாந்தின் இளைஞர் நாடகக் குழுக்களுக்கு இன்றும் பிடித்த நாடகம். தாராளமாகப் போடட்டும். ஆனால் கடலைத் திரையில் ஓட்ட வேண்டாம்!

இப்போதெல்லாம் மேடைக்குப் பின்னால் புரொஜெக்டரில் அலை புரள்கிறது. கிறிஸ்டி கேட்டது ஒரே ஒரு வரவேற்பறை. கடல் சன்னலுக்கு வெளியே. படகு வருகிறதா என்று நடிகர் எட்டிப் பார்த்தாலே கடல் வந்துவிடும்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? அந்தப் பத்துப் பொம்மைகளுக்காகத்தான். கணப்புக்கு மேலுள்ள தட்டில் வரிசையாக நிற்கின்றனவே, அவைதான். ஒரு சாவுக்கு ஒரு பொம்மை குறைய வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு எடுப்பது சுலபம். வெளிச்சத்தில், சபையின் கண்ணெதிரே எடுக்க வேண்டும். மறுபடி சொல்கிறேன், வெளிச்சத்தில்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான். எடுப்பவர் தட்டைப் பார்க்கவே கூடாது. மேடையின் மறுகோடியில் ஒருவர் சட்டென்று எழ வேண்டும், மற்ற எல்லோரும் அவரைப் பார்க்க வேண்டும். நடிகர்கள் பார்க்கும் இடத்தைத்தான் சபையும் பார்க்கும். அந்த நொடியில் பொம்மை போய்விடும். அடியில் கம்பளித் துணி ஒட்டியிருந்தால் சத்தமும் வராது.

நான் பழக்கிய ஒரு குழுவில் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியான எமிலி பிரென்ட் வேஷம் போட்ட சிறுமி, கையிலிருந்த பின்னல் பையிலேயே பொம்மையை நழுவவிட்டாள். முன்வரிசையில் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை! வசனத்தை மனப்பாடம் செய்ய எவராலும் முடியும். அந்த விரல்களின் நிதானம்தான் நடிப்பு.

பின்னால் அலை அசைந்துகொண்டே இருந்தால் சபையின் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அந்தச் சிறுமியின் வித்தை வீணாகிப் போகும்.

இந்த நாடகத்தை எடுக்கப்போகிறவர்களே, முதல் ஒத்திகையிலேயே பொம்மைகளைத் தட்டில் வைத்துவிடுங்கள். யார் எடுப்பது என்பது இயக்குநருக்கும் எடுப்பவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். மற்றப் பிள்ளைகள் நிஜமாகவே திரும்பி எண்ணிப் பார்க்கட்டும்.