பிரெஞ்சுக் குழம்பும் நம் வீட்டு அடுப்பும்



புகைவண்டி அலுவலகத்தில் ஏட்டைப் புரட்டும் எழுத்தர்க்கு அடுப்படியில் என்ன அலுவல் என்று நீங்கள் நகைக்கக்கூடும். காரணம் உண்டு. எங்கள் தந்தையார் பற்கள் தளர்ந்த நாள் முதலாகக் கோழிக்கறியை ஒதுக்கிவிட்டார். கொல்லையில் தம் கையால் தீனி இட்டு வளர்த்த சேவலைக்கூட எங்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, மோர்ச்சோற்றுடன் எழுந்துவிடுவார். அது எங்கள் நெஞ்சை உறுத்திற்று.

சென்ற ஆண்டு புதுவையில் நண்பர் ஒருவர் இல்லத்தில் விருந்துண்டோம். 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி அவ்வூரை விட்டு நீங்கியது. அவர்தம் சமையல் நீங்கவில்லை. நம் வடகமும் ‘வாதுவான்’ என்னும் பெயருடன் பிரெஞ்சு நாட்டு அடுக்களையில் புகுந்திருக்கிறது. கொடுத்தலும் கொள்ளலும் இருபாலும் உண்டு. அங்கே அறிந்ததுதான் ‘கோக் ஓ வேன்’. மதுவில் வெந்த சேவல் என்பது பொருள். முற்றிய சேவலையும் மெதுவாக்கி உண்ண நாட்டுப்புறத்தார் கண்ட வழி அது என்பர்.

ஊர் திரும்பியதும் முயன்றோம். தீயை ஓங்க விட்டு ஒரு மணி நேரத்தில் இறக்கினோம். கறி கயிறுபோல் இருந்தது. தந்தையார் ஒரு துண்டை வாயிலிட்டு, ஓசையின்றி இலையோரம் வைத்து, “கொஞ்சம் மோர் ஊற்றம்மா” என்றார். மருமகள் தலை குனிந்தாள், நாங்களும் குனிந்தோம்.

பிழை தீயின் வேகத்தில் இருந்தது. முதிர்ந்த சேவலின் தசையைப் பிணைக்கும் நார், ஈரச் சூட்டில் நெடுநேரம் இருந்தால்தான் கூழாய்க் கரையும். தளதளவென்று கொதிக்க விட்டால் தசை இறுகிச் சாற்றைப் பிழிந்துவிடும்.

மறுமுறை செய்த முறையைக் கூறுகிறோம். ஒன்றரைக் கிலோ சேவலைப் பெருந்துண்டுகளாக்கினோம். எங்கள் இல்லத்தில் மது புகுவதில்லை; ஆதலின் பன்னீர் திராட்சைச் சாறு 300 மில்லி லிட்டருடன் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, கறியை அதில் ஓரிரவு குளிர்பெட்டியில் ஊறவைத்தோம். காலையில் ஈரம் துடைத்து, கனமான பாத்திரத்தில் வெண்ணெயும் எண்ணெயும் இட்டுச் செந்நிறமாக வறுத்தெடுத்தோம். அதே கொழுப்பில் சின்ன வெங்காயம் 20, பூண்டுப்பல் 8 வதக்கி, ஒரு கரண்டி கோதுமை மாவு தூவி, கறியைத் திரும்ப இட்டு, ஊறிய சாறும் அதே அளவு எலும்புச் சாறும் ஊற்றினோம். மிளகு, உப்பு, பிரிஞ்சி இலை சேர்த்தோம். பிரெஞ்சுக்காரர் இடும் இலை வேறு மரத்தினது, மணமும் வேறு. பின்னர் இறுக மூடி, மிகச் சிறு தீயில் மூன்று மணி நேரம் வைத்தோம். காளானைக் கடைசி அரைமணியில் இட்டோம்.

குக்கரில் வைத்தால் ஆகாதோ என்று தாய்மார்கள் கேட்கலாம். ஆகும், நேரமும் மிஞ்சும். ஆனால் அதில் சாறு சுண்டாது. திறந்த பின் தனியே சுண்டவைத்தல் வேண்டும்.

மது சேராத இதற்குப் பிரெஞ்சுப் பெயர் சூட்டுவது முறையன்று. ‘திராட்சைச் சாற்றுச் சேவல்’ என்றே நாங்கள் அழைக்கிறோம். நம் சித்தூர்ச் சீமை வழக்கப்படி கேழ்வரகுக் களியுடன் பரிமாறினோம். தந்தையார் மறுமுறையும் கேட்டு வாங்கினார். இலையில் எலும்பு மட்டும் எஞ்சியது. கைகழுவி வந்து, “உங்கள் பாட்டியும் மண்சட்டியைத் தணலில் வைத்து இப்படித்தான் ஆக்குவாள்; பிரெஞ்சுக்காரனுக்கு யார் சொன்னார்கள்?” என்றார்.

அன்பர்களே! பல் தளர்ந்த பெரியவர் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. அவர்கள் ‘வேண்டாம்’ என்பதை விருப்பமின்மை என்று கொள்ளாதீர்கள். அடுப்பைச் சற்றுத் தணித்து, மூன்று மணி நேரம் காத்திருந்து பாருங்கள்.