மாதவிடாய் நிற்கும் வயதில் நம் உடம்பு

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியரும் குழு உறுப்பினருமான சகோதரி ஆற்றிய உரை)



"பெண்கள் ஆரோக்கியம்" என்று தலைப்புக் கொடுத்தாங்க. அது பெரிய கடல். நான் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கிறேன். நம்ம குழுக்கள் ஆரம்பிச்ச காலத்தில் பாதிப் பேர் இடுப்பில் குழந்தையோடு கூட்டத்துக்கு வந்தீங்க. அப்போ நான் தடுப்பூசியும் இரும்புச்சத்து மாத்திரையும் பற்றிப் பேசினேன். இன்னைக்கு அதே ஆட்கள்தான், 45, 50, 55 வயதில் உட்கார்ந்திருக்கோம். இப்போ பேச வேண்டியது மாதவிடாய் நிற்பதைப் பற்றி. மைக் செட் தம்பி எழுந்து போக வேண்டாம். உங்க அம்மாவுக்கும் இது வரும், கேட்டுக்குங்க.

நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது குறைந்துகொண்டே வரும். அதற்கு நாலைந்து வருஷம் முன்பிருந்தே உடம்பு அறிகுறி காட்டும். மாதக் கணக்கு தப்பும். திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரைக்கும் குப்பென்று சூடு ஏறும், வேர்த்துக் கொட்டும், அப்புறம் குளிரும். ராத்திரி தூக்கம் போகும். காரணமில்லாமல் அழுகை வரும், மருமகள் மேல் எரிந்து விழுவோம். முழுசாக 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. இரண்டு மாதம் வரலைன்னு கவலையற்று இருந்து, மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கும்போது தானும் கர்ப்பமாகி நின்றவர்களை என் வேலைக் காலத்தில் பார்த்திருக்கேன். சிரிக்காதீங்க, நிஜம்.

இந்தச் சூட்டுக்கு என்ன செய்யலாம்? பருத்திப் புடவை, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர், படுக்கிற இடத்தில் காற்று. காப்பி, டீயை இரண்டு வேளைக்குக் குறைங்க. சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம். காரத்தைக் குறைத்தால் சிலருக்கு நல்ல வித்தியாசம் தெரியும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவங்க அதை விட்டே ஆகணும். சூடு வரும்போது மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட்டால் படபடப்பு அடங்கும். பெரும்பாலானவர்களுக்கு இது சில வருஷத்தில் தானாகவே குறைந்துவிடும். தூங்கவே முடியாத அளவுக்கு இருந்தால் டாக்டரிடம் போங்க. மருந்து இருக்கு, அது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பார்த்துக் கொடுப்பாங்க. தைராய்டு கோளாறும் இதே மாதிரி காட்டும், அதையும் ஒருமுறை பார்த்துடணும்.

உளுந்தங்களி சாப்பிட்டால் சரியாகிடுமான்னு எல்லா ஊரிலும் கேட்கிறாங்க. உளுந்தும் நல்லெண்ணெயும் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்க. ஆனால் சூட்டை நிறுத்தும் மருந்து என்று நினைச்சுக்காதீங்க. வீடு தேடி வந்து விற்கும் லேகியத்தை, அதில் என்ன கலந்திருக்குன்னு தெரியாமல் வாங்கவே வேண்டாம்.

எலும்பு விஷயம் முக்கியம். மாதவிடாய் நின்ற முதல் சில வருஷத்தில்தான் எலும்பு வேகமாகத் தேயும். பாத்ரூமில் லேசாக வழுக்கினதுக்கே மணிக்கட்டு முறிந்தவங்க நம்மிடையே இருக்காங்க. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கு. அதே அளவு பாலில் 120 தான். எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் சேர்த்துக்குங்க. நம்மில் பலர் மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். ஊற்றும் முன்னே உங்களுக்கு ஒரு டம்ளர் எடுத்து வைங்க. நூறு நாள் வேலைக்குப் போகிறவங்களுக்கு வெயிலும் நடையும் கிடைச்சுடும். தையல் மிஷினில் உட்காருகிறவங்கதான் தினம் அரை மணி நேரம் நடக்கணும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்க, தொடைக்கு பலம்.

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று சொல்ல வெட்கப்படுறோம். சிறுநீரை அடக்குவது போல் அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணிவிட்டு விடுங்க. ஒரு வேளைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை, மூன்று மாதம் விடாமல். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. கணவரோடு சேரும்போது வறட்சி, வலி என்றாலும் டாக்டரிடம் சொல்லலாம், அதற்குத் தடவும் மருந்து இருக்கு.

இனி சொல்லப் போவதுதான் நான் இங்கே வந்த காரணம். எங்கள் குழுவில் 44 வயது தங்கை ஒருத்தி உள்கடன் கேட்டாள், நாற்பதாயிரம். காரணம் "கர்ப்பப்பை ஆபரேஷன்". என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். ஒரு வருஷமாக உதிரப்போக்கு அதிகம். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் பார்த்து, "சின்னக் கட்டி இருக்கு, விட்டால் கேன்சர் ஆகிடும், எடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். உள்ளிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தாங்க. புற்றுநோய் எதுவும் இல்லை. ரத்தம்தான் ஏழரை கிராம் இருந்துச்சு. மாத்திரையில் போக்கு கட்டுப்பட்டது. இப்படிப்பட்ட சாதாரண நார்க்கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. மாதவிடாய் நின்றதும் பெரும்பாலும் தானே சுருங்கும். அந்தக் கடனை அவள் வாங்கவே இல்லை.

இது நம் ஊர் கதை மட்டும் இல்லை. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குச் சொன்னது. ஆபரேஷன் தேவைப்படுகிறவங்களும் உண்டு, அவங்க தள்ளிப்போடக் கூடாது. ஆனால் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் மறுநாளே மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும். சூடு, எலும்புத் தேய்வு, இதய நோய் எல்லாம் சீக்கிரம் வரும். "சினைப்பையையும் எடுக்கிறீங்களா, ஏன்?" என்று கேட்பது நம் உரிமை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது இயற்கை இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். அந்த ஒருவர் யாருன்னு பரிசோதிக்காமல் தெரியாது. 58 வயது அக்கா ஒருத்தர் எட்டு மாதம் யாரிடமும் சொல்லலை. "இந்த வயசில் போய் இதைச் சொல்வாங்களா"ன்னு துணியை மறைத்துத் துவைத்தாங்க. தெரிய வந்தபோது நோய் பரவியிருந்தது. எங்கள் குழுவின் வருகைப் பதிவேட்டில் அவங்க கையெழுத்து அந்த மார்ச் மாதத்தோடு நிற்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை பார்க்க வருவது நம் குழுப் பெண்கள்தான். அவங்க வரும்போது வேலை இருக்குன்னு ஓடிடாதீங்க.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு யார் கடன் கேட்டாலும், அவசரம் இல்லாத பட்சத்தில், அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்க ஊக்குநர் கூடவே போய் வரணும். போக்குவரத்துச் செலவைக் கூட்டமைப்பு நிதியில் கொடுக்கணும். கடனை மறுக்கச் சொல்லலை, கேட்டுவிட்டுக் கொடுக்கச் சொல்றேன். இதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்படி தலைவி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மேடையில் கேட்கக் கூச்சமாக இருக்கிறவங்க, சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் டிரம் பக்கத்தில் இருப்பேன், அங்கே வாங்க.