புதிய தவணையும் எங்கள் மலைச்சரிவும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உடப்புசல்லாவைப் பகுதித் தோட்டங்களிலிருந்து எந்திரவியல் கற்கச் சென்றிருக்கும் எங்களை, "பல்கலைக்கழக வகுப்புகள் எப்படி நடக்கின்றன என்று வந்து சொல்லுங்கள்" என மன்றத்தார் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் மூவர். மேடையில் நிற்பவர் ஒருவரே ஆயினும் பேச்சு மூவருக்கும் உரியது. ஆகையால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். அதனைப் பெருமை என்று எண்ணிவிடாதீர்கள்.

நாங்கள் பயிலும் பீடத்தின் வரலாற்றை முதலில் சிறிது சொல்லிவிடுகிறோம். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் எந்திரவியல் பீடம் 1950ஆம் ஆண்டு கொழும்பிலே தொடங்கப்பட்டு, 1964இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. நான்கு ஆண்டுப் படிப்பு. ஆண்டுக்கு இரண்டாக எட்டுத் தவணைகள். உயர்தரத்தில் தமிழிலே இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்றவர்கள் அங்கே ஆங்கிலத்திலே கற்கவேண்டும்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். காலைப் பிரார்த்தனையில் ஆங்கிலக் கீதங்களைப் பிழையின்றிப் பாடுவோம். ஆகவே ஆங்கிலம் நமக்கு வீட்டுப் பூனை என்று நினைத்திருந்தோம். விரிவுரை மண்டபத்தில் அமர்ந்த முதல் வாரமே அந்த நினைப்புப் பறந்தது. விரிவுரையாளர் 'ஷியர்' என்கிறார். எங்கள் செவியில் 'ஷேர்' என்று விழுகிறது. பங்கு பிரிப்பதற்கும் பாலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அன்றிரவு விடுதியில் அகராதியைப் புரட்டிய பிறகே, அது தமிழிலே நாங்கள் அறிந்த 'வெட்டு விசை' என்பது விளங்கிற்று. அறிவு எங்களிடம் இருந்தது. அதன் பெயர்தான் மாறியிருந்தது.

பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா, கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். 'சலுகையில் வந்தவர்கள்தாமே நாம்' என்ற எண்ணம் முதலாண்டு முழுவதும் எங்களைக் குடைந்துகொண்டிருந்தது. வகுப்பிலே கை உயர்த்திக் கேள்வி கேட்க நாணினோம். கேட்காத கேள்விகள் பரீட்சைத் தாளில் வந்து நின்றபோதுதான் நாணத்தின் விலை தெரிந்தது.

இப்படியிருக்கையில் இரண்டாம் ஆண்டின் புதிய தவணை பிறந்தது. புதிய பாடங்களுள் ஒன்று மண் பொறிமுறை. மண்ணிலே கற்க என்ன இருக்கிறது என்று அசட்டையாகவே சென்றோம். முதல் விரிவுரையிலேயே மலைச்சரிவொன்றின் படம் கரும்பலகையில் ஏறியது. சரிவின் மேலே தேயிலை, இடையிலே ஒரு வீடு, கீழே ஓடை. அது எங்கள் லயம் இருக்கும் இடத்தைப் போலவே இருந்தது.

அந்தப் பாடத்தின் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். தேயிலைப் பெட்டியொன்றைச் சாய்ந்த பலகைமேல் வையுங்கள். பெட்டியின் பாரம் அதைக் கீழே இழுக்கிறது. உராய்வு அதைப் பிடித்து நிறுத்துகிறது. பிடிக்கும் விசையை இழுக்கும் விசையால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி. அது ஒன்றுக்கு மேலிருந்தால் சரிவு நிற்கும். ஒன்றுக்குக் கீழே போனால் வழுக்கும். மண்ணுக்குள்ளே மழைநீர் புகுந்தால் என்ன ஆகும்? மண் துணிக்கைகளின் இடைவெளிகளில் நின்று அந்நீர் அவற்றை விலக்கித் தள்ளுகிறது. துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்துவது குறைய, உராய்வும் குறைகிறது. ஒஸ்திரிய அறிஞர் தெர்சாகி 1925இல் வெளியிட்ட நூலோடு இத்துறை தனிக் கலையாக வளர்ந்தது என்பர்.

இத்துறையில் நம்மவர் ஒருவருடைய பெயரும் உலகறிந்தது என்பதை அந்தத் தவணையிலேதான் அறிந்தோம். வடமராட்சியிற் பிறந்த பேராசிரியர் அழகையா துரைராசா அவர்கள் கேம்பிரிட்ஜ் சென்று, ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்னும் அறிஞர்களோடு சேர்ந்து களிமண்ணின் இயல்பு பற்றி 1963இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்றும் மேற்கோளாக எடுத்தாளப்படுகிறது. அவர் பேராதனையிலே பீடாதிபதியாகவும், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றி 1994இல் மறைந்தார். தமிழிலே எழுத்தறிந்த ஒருவர் மண்ணுக்கு இலக்கணம் வகுத்தார் என்று கேட்டதும் எங்கள் கூச்சம் பாதி கழன்றது.

பயிற்சி வகுப்பில் ஒரு கணக்குத் தந்தார்கள். சரிவு 25 பாகை, மண்ணின் உராய்வுக் கோணம் 35 பாகை, மண் பசையற்றது. உலர்ந்த நிலையில் பாதுகாப்புக் காரணி 1.5 என்று வந்தது. நல்லது என்று மகிழ்ந்தோம். நிலத்தடி நீர் மேற்பரப்பு வரை ஏறினால் என்ன என்பது அடுத்த கேள்வி. விடை ஏறத்தாழ 0.75. அதே மலை, அதே மண், நீர் மாத்திரம் புகுந்தது, பலம் பாதியாயிற்று! எங்களுள் எவரும் பேசவில்லை. மூவர் மனத்திலும் ஒரே சரிவு நின்றது. அங்கே அம்மா உறங்கிக்கொண்டிருப்பாள்.

அன்பர்களே, இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலரைக் கொண்டது மலைநாட்டின் மண்சரிவே. அந்தத் துயரத்தை இங்கிருப்போர்க்கு நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை.

விடுமுறைக்கு வந்தபோது எங்களுள் ஒருவர் தம் தந்தையாரிடம் இந்தக் கணக்கைச் சொன்னார். அவர் முப்பது ஆண்டு கான் வெட்டியவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கானை அடைய விட்டா மலை தண்ணியைக் குடிச்சிரும் தம்பி. குடிச்ச மலை நிக்காது. இதைப் படிக்கவா பேராதெனிக்குப் போனே?" என்றார். நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு வெட்கினோம். ஒரு தவணை முழுதும் நாங்கள் கற்றதன் கருத்து எங்கள் வீட்டிலேயே மண்வெட்டி பிடித்த கையில் இருந்திருக்கிறது. ஆனால் எத்தனை மழைக்கு எத்தனை ஆபத்து என்று அளந்து சொல்ல அவருக்கு வழியில்லை. அந்த அளவைக் கொண்டுவருவதே எங்கள் படிப்பின் வேலை என்று அன்று உணர்ந்தோம்.

அளவு ஏற்கெனவே இருக்கிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வகுத்த எல்லைகள் இவை: 24 மணிநேரத்தில் பெய்யும் மழை 75 மில்லிமீற்றரை எட்டினால் விழிப்பாயிருக்க வேண்டும், 100 ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 ஆனால் வெளியேறிவிட வேண்டும். ஒரே மணிநேரத்தில் 75 பெய்தாலும் வெளியேறவே வேண்டும்.

இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான தகரப் பேணி ஒன்றைக் கூரையும் மரமும் மறைக்காத திறந்த வெளியில் வையுங்கள். பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டத்தை அதில் இறக்கிப் பாருங்கள். நீரின் ஆழமே மழையின் அளவு. ஆனால் மண் பேசும்போது அளவைப் பார்த்துக்கொண்டிராதீர்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, மரங்கள் சாய்தல், புதிய ஊற்றுத் தோன்றல், இருந்த ஊற்றுத் திடீரென வற்றல் அல்லது கலங்கல், இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளோடு புறப்பட்டுவிடுங்கள். சட்டி பானைகளைப் பிறகு வாங்கலாம்.

நம் பகுதியில் எந்திரவியல் புதிதன்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஏறத்தாழ 19 மைல் தூரம் ஒடுங்கிய இருப்புப்பாதை ஒன்று ஓடியது. 1904இல் இராகலையை எட்டி 1948இல் மூடப்பட்ட அதற்கு உடப்புசல்லாவைப் பாதை என்றே பெயர். தேயிலை இறங்குவதற்காக மலையை அளந்தார்கள். மலையில் வாழும் மனிதர் பொருட்டு அதனை அளப்பது இனி நம் கடமை.

ஆகவே மன்றத்தாரிடம் இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று: கோயில் முன்றிலில் மழைமானி ஒன்று வைத்து, இளைஞர் முறைபோட்டு நாள்தோறும் அளந்து குறிப்பேட்டில் எழுதவேண்டும். வடகீழ்ப் பருவமழைக்கு முன்பே லயங்களுக்கு மேலுள்ள கான்களைத் தோட்டத்தாரின் அனுமதியோடு சிரமதானமாகத் துப்புரவு செய்ய வேண்டும். இரண்டு: உயர்தரத்தில் கணிதம் கற்க விரும்பும் பிள்ளைகளை, ஆண்களோடு பெண்களையும், எங்களிடம் அனுப்புங்கள். விடுமுறைதோறும் நாங்கள் இலவசமாகக் கற்பிக்கிறோம். தமிழில் கற்பதை ஆங்கிலத்திலும் என்னவென்று சொல்லிக் கொடுப்போம். 'ஷியர்' என்றதும் அவர்கள் எங்களைப்போல் விழிக்கக்கூடாது.

அடுத்த தவணை தொடங்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. இம்முறை வகுப்பிலே கை உயர்த்திக் கேட்பதென்று மூவரும் முடிவு செய்திருக்கிறோம். எங்கள் கேள்வி எங்களுக்காக மாத்திரம் அன்று. இந்தச் சரிவில் உறங்கும் உங்கள் அனைவருக்காகவும் ஆகும்.