மேசை ஸ்கானரும் லினக்ஸ் கணினியும்



பாடசாலைக் கந்தோர்களிலும் நூலகங்களிலும் பொருட் கணக்கெடுப்பு நடைபெறும்போது, பாவனைக்கு உதவாதவை எனக் கழிக்கப்படும் பொருள்களுள் ஸ்கானர் எனப்படும் படியெடுக்கும் கருவியும் சில வேளைகளில் அகப்படுவதுண்டு. கண்ணாடித் தட்டின்மேற் கடதாசியைக் கவிழ்த்து வைத்து மூடியைச் சாத்தினால், உள்ளே ஒளிக்கோல் ஒன்று மெல்ல நகர்ந்து சென்று எழுத்தையெல்லாம் படமாக்கிக் கணினிக்கு அனுப்பும். அப்பெட்டிக்குள்ளே தேயத்தக்க உறுப்புகள் மிகச் சில. ஆதலால், பழுதடையாமலே கழிக்கப்படுபவையும் அவற்றுள் உண்டு. கருவி நன்றாகவே இருக்கிறது. அதனோடு பேசத் தெரிந்த ஆள்தான் கணினிக்குள் இல்லை.

இந்த நிலை எவ்வாறு ஏற்படுகிறது? ஸ்கானரைச் செய்த நிறுவனம், அதனை இயக்குதற்குரிய மென்பொருளை அக்காலத்து விண்டோஸ் பதிப்புக்கென எழுதி, ஒரு தட்டிற் பதிந்து பெட்டியோடு தருகிறது. சில ஆண்டுகளின் பின் புதிய பதிப்பு வருகிறது. பழைய கருவிக்காகப் புதிதாக மென்பொருள் எழுத நிறுவனத்துக்கு விருப்பமிருப்பதில்லை. 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியோடு விண்டோஸ் 10 பதிப்புக்குரிய வழமையான ஆதரவை மைக்ரோசொவ்ற் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதற்கடுத்த பதிப்பை ஏற்கமாட்டாத கணினிகள் பலவற்றில் இப்போது லினக்ஸ் குடியேறுகிறது. குடியேறியதும் கந்தோர் இலிகிதர் பழைய தட்டைத் தேடி எடுத்து உள்ளே செலுத்துகிறார். அது லினக்ஸில் இயங்குவதில்லை. “ஸ்கானர் செத்துவிட்டது” என்று அதிபரிடம் முறையிடுகிறார். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

லினக்ஸ் உலகில் ஸ்கானர்களுக்கென ஒரு பொது ஏற்பாடு 1996ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்து வருகிறது. ‘ஸ்கானர் அக்செஸ் நவ் ஈஸி’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘ஸேன்’ என்று பெயரிட்டனர். ஸ்கானரை அணுகுதல் இனி எளிது என்பது அதன் பொருள். பெயர் சொல்லுமளவுக்கு எல்லா நாளும் எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 1992இல் வெளிவந்த ட்வெய்ன் என்னும் முறையில், கருவியை இயக்கும் பகுதியும் மனிதர் கண்ணுக்குத் தெரியும் சாளரமும் ஒன்றாகப் பிணைந்திருந்தன. ஸேன் அவ்விரண்டையும் பிரித்துவிட்டது. பின்னால் நின்று கருவியோடு பேசுவது ஒரு பகுதி. முன்னால் நின்று மனிதரோடு பேசுவது மற்றொரு பகுதி. முன்பகுதிக்கு எக்ஸ்ஸேன், சிம்பிள் ஸ்கான் போன்றவற்றுள் எதனை விரும்பினாலும் வைத்துக்கொள்ளலாம். பின்பகுதி மட்டும் கருவிக்குக் கருவி வேறுபடும். கோளாறு கண்டவிடத்து, முறிந்த கண்ணி முன்னதிலா பின்னதிலா என்று பிரித்துப் பார்க்கும் வசதி இந்தப் பிரிவினையாற் கிடைத்தது.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். கனன் நிறுவனத்தின் கனோஸ்கான் லைட் 110 என்பது மெல்லிய, பாரமற்ற மேசைக் கருவி. மின்சாரத்துக்கென அதற்குத் தனி வடம் இல்லை, யூ.எஸ்.பி. வடம் ஒன்றே தரவையும் மின்னையும் சுமக்கிறது. ஆகவே, பல கருவிகள் பங்குபோட்டுக்கொள்ளும் கிளைப்பெட்டியில் அதனைச் செருகுதல் நன்றன்று. கணினியின் பின்புறத் துளையில் நேரே செருகவேண்டும். மேலும், பல மாதிரி ஸ்கானர்களில், வண்டிப் பயணத்தில் ஒளிக்கோல் அசையாதிருக்கும்பொருட்டு அடிப்பக்கத்திலோ பக்கவாட்டிலோ ஒரு சிறு பூட்டு உண்டு. அதனைத் திறக்காமல் மென்பொருளோடு மணிக்கணக்கிற் போராடுவது வீண் வேலை.

அடுத்துக் கட்டளைத் திரையைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்னும் ஐந்து எழுத்துகளைத் தட்டவேண்டும். யூ.எஸ்.பி. வழியாக இணைந்த பொருள்கள் யாவும் வரிசையாகத் தோன்றும். அவற்றிடையே 04ஏ9 என்றும் 1909 என்றும் இரு இலக்கங்கள் காணப்பட்டால், முன்னது கனன் நிறுவனத்தையும் பின்னது இந்த மாதிரியையும் குறிப்பன. அவை காணப்படாவிடின் குற்றம் வடத்திலோ துளையிலோ கருவியிலோ இருக்கிறது. மென்பொருளைத் தொடவே வேண்டியதில்லை.

இலக்கம் தெரிந்துவிட்டால் வேறிரு கட்டளைகள் உண்டு. டெபியன், உபுண்டு வகை லினக்ஸ்களில் ‘ஸேன் யூட்டில்ஸ்’ என்னும் தொகுப்பை நிறுவினால் இரண்டும் கிடைக்கும். ஸேன், ஃபைண்ட், ஸ்கானர் என்னும் சொற்களைச் சிறுகோட்டால் இணைத்தது முதலாவது. இங்கே ஸ்கானர் போன்ற ஏதோவொன்று இருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். அதனை இயக்க முடியுமா என்பதை அது அறியாது. ஸ்கான்இமேஜ் என்று எழுதி, இடம் விட்டு, சிறுகோடும் பெரிய எல் எழுத்தும் இடுவது இரண்டாவது. உரிய பின்பகுதி கருவியை ஏற்றுக்கொண்டதா என்பதை அதுவே கூறும். லைட் 110 ஆயின் அந்தப் பின்பகுதியின் பெயர் ஜெனசிஸ். முதலாவது கட்டளைக்கு அகப்பட்ட கருவி இரண்டாவதற்கு அகப்படாவிடின், ‘எட்சி’ கோப்புறையினுள் ‘ஸேன் டொட் டி’ என்னும் உட்கோப்புறையில் உள்ள டிஎல்எல் என்னும் அமைப்புக் கோப்பைத் திறந்து நோக்கவேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பின்பகுதியின் பெயர் இருக்கும். உரிய பெயருக்கு முன் வேலிக்குறி இடப்பட்டிருப்பின் அது உறக்கத்தில் இருக்கிறது என்பது பொருள். குறியை நீக்கினால் விழிக்கும்.

பலரும் இடறி விழும் இடம் இதற்கு அப்பால் இருக்கிறது. ரூட் எனப்படும் தலைமை நிருவாகியாக நின்று கட்டளையிட்டாற் கருவி தெரிகிறது. சாதாரணப் பயனராக நின்றால் தெரிவதில்லை. இது கருவியின் குற்றமுமன்று, ஸேனின் குற்றமுமன்று. அனுமதி பற்றிய விடயம். லினக்ஸ், செருகப்பட்ட ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கோப்பை உண்டாக்கி, அதனைத் திறக்கத்தக்கவர் யார் என்று விதிக்கிறது. சிலர் அக்கோப்பின் அனுமதியைக் கையாலே தளர்த்திவிட்டு வேலை முடிந்தது என்று மகிழ்வர். மறுநாள் வடத்தைக் கழற்றிச் செருகியதும் கருவிக்குப் புதிய இலக்கமும் புதிய கோப்பும் உண்டாகின்றன. நேற்றைய தளர்வு நேற்றோடு போயிற்று. வேறு சிலர் எப்பொழுதும் ரூட்டாகவே ஸ்கான் செய்வர். அறைச் சாவி அகப்படவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பது போன்ற செயல் அது. நிலையான வழி, யூடெவ் என்னும் ஏற்பாட்டில், முன்னே கண்ட அந்த இரு இலக்கங்களையும் குறிப்பிட்டு ஒரு விதியை எழுதிவைப்பதாகும். வழக்கமான மாதிரிகளுக்கு அவ்விதி ஸேனோடு கூடவே வந்துவிடும். டெபியன் வகையில் ‘ஸ்கானர்’ என்றொரு பயனர் குழுவும் உண்டு. இலிகிதரின் பெயரை அதில் சேர்க்கலாம். சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையவேண்டும். இதனை மறந்து, சேர்த்தும் பயனில்லையே என்று சலிப்போர் பலர்.

சில கருவிகளின் நிலை வேறு. எப்சன் பெர்வெக்சன் 2480 போன்றவை, மின்சாரம் பெறுந்தோறும் தமக்குரிய உள்நிரல் ஒன்றைக் கணினியிலிருந்து பெற்றாலன்றி இயங்கா. உரிமை நிறுவனத்துடையது ஆதலால், ஸேன் அதனை உடன் தருவதில்லை. அது இருப்பதோ, லினக்ஸில் இயங்காது என்று ஒதுக்கிய அந்தப் பழைய தட்டிலே! அதிலிருந்து அந்த ஒரு கோப்பை எடுத்துவைத்து, ஸ்னாப்ஸ்கான் என்னும் பின்பகுதியின் அமைப்புக் கோப்பில் அதன் இருப்பிடத்தை எழுதவேண்டும். தட்டை எறிந்துவிட்டவர் பாடு சிரமந்தான். இனி வாங்குவோர், ஸேன் குழுவினர் வெளியிடும் பட்டியலில் தாம் வாங்கவிருக்கும் மாதிரி எந்தத் தரத்தில் இருக்கிறது என்று முதலிற் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

முதற் பக்கம் ஒழுங்காக வந்து, இரண்டாம் பக்கத்தில் யாவும் உறைந்து நிற்பதும் உண்டு. புதிய கணினிகளின் விரைவான யூ.எஸ்.பி. 3 துளைகளில் பழைய ஸ்கானர்கள் சில இவ்வாறு தடுமாறும். யூ.எஸ்.பி. 2 துளை இருந்தால் அதற்கு மாற்றிப் பார்க்கலாம்.

இத்தனையும் எதற்காக? பாடசாலையின் சேர்வு இடாப்பை நினைத்துப் பார்க்கலாம். பிறப்புச் சான்றிதழை இழந்த முதியவர் ஒருவர், தமது வயதை நிறுவுவதற்கு அந்த இடாப்பின் ஒரு வரியை நாடி வருவதுண்டு. அத்தகைய ஏட்டைக் கறுப்பு வெள்ளையாக மட்டும் ஸ்கான் செய்தால் மங்கிய மை மறைந்துபோகும். சாம்பல் நிற முறையே ஏற்றது. அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றில் அப்போது ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் அமையும். சுருக்காமல் வைத்தால் 8.7 மெகாபைட் இடம் கொள்ளும். 600 புள்ளியாக்கினால் இடம் நான்கு மடங்காகும். எழுத்து மிகச் சிறிதாயிருந்தாலன்றி அது வேண்டியதில்லை. ஸ்கான்இமேஜ் கட்டளையில், பக்கத்துக்குப் பக்கம் நின்று, ஏட்டைப் புரட்டி வைக்க நேரம் தந்து, விசையை அழுத்தியபின் தொடரும் வசதியும் உண்டு. பெயரும் எண்ணும் தானே இட்டுக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. லைட் வகைக் கருவிகளின் கண், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கடதாசியையே தெளிவாகக் காணும். கட்டிய ஏட்டின் நடுமடிப்புச் சற்று உயர்ந்து நின்றால் அவ்விடத்து எழுத்துகள் மங்கிவிடும். அதற்காக ஏட்டை அழுத்திப் பிடித்தால் பழைய தையல் அறும். கண்ணாடியும் வில்லையும் கொண்ட, சற்றுப் பாரமான பழைய வகை ஸ்கானர் இவ்விடத்தில் மேலானது. உயர்ந்து நிற்கும் எழுத்தையும் அது ஓரளவு தெளிவாகப் பிடிக்கும். கழிப்பதற்கென ஒதுக்கிய குவியலில் அத்தகையது ஒன்று கிடக்கிறதா என்று, இடாப்பைத் திறக்குமுன் பார்த்துவிடலாம்.