பருத்திப் பெண்டும் கூலிக் கணக்கும்



சங்கப் புலவர்கள் காதலையும் வீரத்தையும் பாடினார்கள் என்பது மேடைதோறும் சொல்லப்படும் செய்தி. அவர்கள் விலையையும் உழைப்பையும் பாடினார்கள் என்பது அத்துணை சொல்லப்படுவதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர்மகள் வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று விற்று, அதனால் பெற்ற உணவுப் பொருளைக் கொண்டு சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை நீட்டினால் அவள் கொள்வதில்லை. எருமையும் பசுவும் கன்றுமாகவே பெறுகிறாள். உருத்திரங்கண்ணனார் போகிற போக்கில் சொல்லும் செய்திதான் இது. ஆயினும் உழைப்பு, வருவாய், அவ்வருவாயை முதலாக்கும் முடிவு ஆகிய மூன்றும் அங்கே ஒருத்தியின் கையிலேயே இருக்கக் காண்கிறோம்.

அவளுக்கு எதிரே நிற்பவள் நூல் நூற்கும் பெண். ஆண் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை, மலைமேல் தவழும் மேகத்திற்கு உவமையாக்குகிறது நற்றிணை. அழகிய உவமைதான். நூற்றவள் அன்று உண்டாளா என்பது உவமைக்கு வேண்டாத செய்தி.

இவ்விருவரையும் வேறுபடுத்துவது திறமையன்று. ஒருத்திக்கு மாடு இருந்தது. மற்றவளுக்குக் கை மட்டுமே இருந்தது. கையை மட்டும் நம்பிய பெண்ணின் கூலி எவ்வாறு அளக்கப்பட்டது என்பதற்குக் காவிரிப் படுகையின் நடவு வயலே சான்று. நாற்றைப் பறித்து முடி கட்டுவோர் ஆண்கள். சேற்றில் குனிந்து நடுவோர் பெண்கள். பறியாள் கூலி வேறு, நடவாள் கூலி வேறு, நடவாளுடையது குறைவு. காரணம் கேட்டால், ‘இலேசான வேலை’ என்பதே விடை. முதுகு நிமிராமல், சேற்றுப்புண் கண்ட விரல்களோடு, பின்னோக்கி அடியெடுத்து வைத்தே வயல் முழுவதையும் நட்டு முடிப்பதை எந்த அளவுகோல் இலேசு என்றதோ! நடவு இயந்திரம் வந்த ஊர்களில் மற்றொரு விந்தை நிகழ்ந்தது. அதே நடவு, இயந்திரத்தின்மேல் ஏறியதும் ஆண் வேலை ஆயிற்று.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் வேண்டும் என்று அரசியலமைப்பின் 39ஆம் உறுப்பு வழிகாட்டியது. 1976-இல் சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுடைய வேலைக்கும் கூலி ஒன்றாக வேண்டும் என்றது அச்சட்டம். களத்திலோ வேலைக்குப் பெயர் இரண்டாக இருந்தது. பெயர் வேறானால் தன்மை வேறு; தன்மை வேறானால் கூலி வேறு. சொல்லைத் தொழிலாகக் கொண்டோர் சற்று நின்று நோக்கத்தக்க இடம் இது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இருபாலார்க்கும் ஒரே கூலி என்று வைத்தபோது, தமிழகத்தில் அவ்வேலைக்கு வந்தோருள் மிகப் பெரும்பாலோர் பெண்களாக இருந்ததில் வியப்பில்லை.

இனிக் கூலியே இல்லாத வேலை. 1991-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான், நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் ஊதியமின்றிச் செய்யும் வேலையும் உட்பட என்று பொருள்படும் சில சொற்கள் வினாவிலேயே சேர்க்கப்பட்டன. அதற்குமுன், ஆட்டையும் மாட்டையும் களத்தையும் பார்த்துக்கொண்டவள்கூட, வேலை உண்டா என்ற வினாவுக்கு ‘சும்மா வீட்டில்தான்’ என்று விடை சொன்னாள். அவளுக்காக விடை சொன்ன கணவனும் அதையே சொன்னான். 2001-இல் வீட்டுத் தேவைக்கு மட்டும் பால் கறப்பதும் வேலையெனக் கொள்ளப்பட்டது. சமையலும் பிள்ளை வளர்ப்பும் வெளியிலேயே நின்றன. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபடும் ஆண் 97 நிமிடமும் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்களே சிலர் என்பதையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். 2023 செப்டம்பரில் இல்லத்தரசியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கிய தமிழக அரசு, அதனை உதவி என்னாது ‘உரிமைத் தொகை’ என்றது. தொகையினும் அப்பெயரே எண்ணத்தக்கது.

ஆயர்மகளின் மாடு மீண்டும் நினைவுக்கு வருவது சொத்தைப் பற்றிப் பேசும்போதுதான். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-இல் தமிழகம் அதற்குச் சட்டத் திருத்தம் செய்தது. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்தது. ஆயினும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவில் பெண்கள் பொறுப்பிலிருந்த பண்ணைகள் நூற்றுக்குப் பதினான்கு அளவே. கணவன் இறந்தபின் அல்லது விட்டுச் சென்றபின் ஒரு குடும்பம் வறுமையில் வீழும் விரைவை இவ்வெண் விளக்கும். அதுவரை அவள் ஈட்டியது அன்றன்றைக்கே அடுப்பில் முடிந்திருக்கும்.

புறநானூற்றின் 326ஆம் பாடலில், நள்ளிரவில் காட்டுப்பூனைக்கு அஞ்சிக் கதறுகிறது ஒரு பேடைக்கோழி. பஞ்சின் கொட்டையையும் குப்பையையும் புடைத்து நீக்க அவ்வேளையில் எழுந்த பருத்திப் பெண்டின் சிறுவிளக்கொளியில் சேவலைக் கண்டு அதன் அச்சம் தணிகிறது. பாடல் பின்னர் அவ்வூர் மறவன் மனையின் விருந்துக்குச் சென்றுவிடுகிறது. விளக்கை ஏற்றியவள் அன்றிரவு எவ்வளவு பஞ்சு புடைத்தாள், அதற்கு என்ன பெற்றாள் என்பது அதில் இல்லை.