ஒரு வரியில் ஒரு வேலை



தெமியாங் வட்டாரத்திலும் நெகிரி செம்பிலானின் மற்றத் தோட்டங்களிலும் வாழ்ந்த நம் பெரியவர்களுக்குப் பெரட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் களத்தில் கூடுவோம். கிராணியார் செக்ரோல் புத்தகத்தை விரிப்பார். ஆளுக்கு ஒரு வரி. வந்தவருக்கு ஒரு குறி. அந்தக் குறியில்தான் அன்றைய சம்பளம் இருந்தது.

தோட்டத்து வேலைக்கு அப்படி ஒரு புத்தகம் இருந்தது. நம் வீட்டு வேலைகளுக்கு என்ன இருக்கிறது? பெரும்பாலும் அம்மாவின் ஞாபகம் ஒன்றுதான். தம்பிக்குத் தடுப்பூசி, தாத்தாவுக்கு நீரிழிவு மருந்து, மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி என்று எல்லாவற்றையும் ஒரே தலை சுமக்கிறது. சுமை கூடினால் ஏதோ ஒன்று நழுவும்.

நழுவுவது சிறிய வேலையென்றால் போகட்டும். பத்திர வேலையானால்? குழந்தை பிறந்தால் சட்டம் குறித்த கெடுவுக்குள் பதிய வேண்டும். கெடு கடந்தால் கூடுதல் பத்திரங்கள், விசாரணை என்று அலைச்சல்தான். 12 வயதானதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 18 வயதில் அதை மாற்ற வேண்டும். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாத இந்தியர்களைப் பதிவதற்காக அரசாங்கம் 2011-ஆம் ஆண்டில் ‘மைடஃப்தார்’ என்ற இயக்கத்தையே நடத்த வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் மனுச் செய்தார்கள். அந்நிலைக்கு மறதி மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. வறுமை, அறியாமை, பெற்றோரிடமே பத்திரம் இல்லாமை எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் மறதியை மட்டுமாவது நம் கையாலேயே தடுக்கலாம் அல்லவா?

அதற்கு உதவும் ஒரு சாதனத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அதன் பெயர் ‘டூடூ டாட் டெக்ஸ்ட்’. ‘செய்ய வேண்டியவை’ என்று பொருள் கொள்ளலாம். ஜீனா டிரபானி என்ற அமெரிக்கப் பெண்மணி 2006-ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார். இதற்கு விலை கிடையாது. லினக்ஸ் ஓடும் பழைய கணினியே போதும், இணையமும் தேவையில்லை. படங்களும் பொத்தான்களும் இதில் இல்லை. எழுத்தால் கட்டளையிட்டால், எழுத்தால் பதில் வரும்.

முக்கியமான கட்டளைகள் மூன்றுதான். நிரலின் பெயரைத் தட்டி, அதன் பக்கத்தில் ‘ஆட்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி, வேலையை எழுதினால் அது பட்டியலில் சேரும். ‘எல்எஸ்’ என்று தட்டினால் பட்டியல் முழுவதும் வரிசை எண்ணோடு திரையில் வரும். வேலை முடிந்ததும் ‘டூ’ என்ற சொல்லையும் அதன் எண்ணையும் தட்டினால், முடிந்ததாகக் குறி விழும். கிராணியாரின் பேனாக் குறியைப் போலத்தான் இதுவும்.

வேலையை எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. ஓர் உதாரணம் பார்ப்போம்:

(A) ஐசி எடுக்க வேண்டும் +தம்பி @சிரம்பான் கெடு:2027-03-05

முதலில் அடைப்புக்குறிக்குள் உள்ள ‘A’ அவசரத்தைக் காட்டுகிறது. இந்தக் குறியுள்ள வரி பட்டியலில் தானே மேலே வந்து நிற்கும். கூட்டல் குறி எதைச் சேர்ந்த வேலை என்பதைக் காட்டும். ‘அட்’ குறி அந்த வேலை எங்கே நடக்க வேண்டும் என்பதைக் காட்டும். தேதியில் ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் மாதம் எது, நாள் எது என்ற குழப்பம் இராது.

இந்த இடக் குறியில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ‘எல்எஸ்’ என்ற கட்டளைக்குப் பின்னால் ‘@சிரம்பான்’ என்று தட்டிப் பாருங்கள். சிரம்பானில் முடிக்க வேண்டிய வேலைகள் மட்டும் வரும். தெமியாங்கில் இருப்போருக்குச் சிரம்பான் பக்கம்தான். உள்தோட்டத்தில் இருப்போருக்கோ ஒருமுறை போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போகிறது. பதிவு இலாகா, மருத்துவமனை, வங்கி ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே நாளில் முடித்தால், இரண்டு நாள் சம்பளம் வீட்டில் நிற்கும்.

“எனக்குக் கணினி தெரியாதே!” என்று தாய்மார்கள் தயங்க வேண்டாம். தட்டுவது மகளாக இருக்கட்டும். சொல்வது அம்மாவாக இருக்கட்டும்.

“அம்மா, மூனாவது வரி தாத்தா மருந்து. வாங்கியாச்சா?”

“வாங்கியாச்சும்மா. குறி போடு. அடுத்தது என்ன, படி.”

அவ்வளவுதான். ஒருவர் மட்டும் சுமந்ததை வீடே சுமக்கத் தொடங்கிவிடும்.

வீட்டில் கணினி இல்லையா? கைத்தொலைபேசியின் குறிப்பேட்டில் இதே முறையில் வரி வரியாக எழுதலாம். ‘சிரம்பான்’ என்று தேடினால் அந்த வரிகள் கிடைக்கும். பள்ளி நோட்டுப் புத்தகமும் உதவும். தேடும் வேலைதான் நம்முடையதாகும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த நிரல் மணியடித்து நம்மைக் கூப்பிடாது. எழுதியதோடு விட்டுவிட்டால் பயனில்லை. பெரட்டுக்கு நேரம் இருந்ததைப் போல, இதற்கும் ஒரு நேரம் வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து நிமிடம் பட்டியலை உரக்கப் படியுங்கள். மருந்து வேளை போன்றவற்றுக்குத் தொலைபேசியில் அலாரமும் வையுங்கள். அடையாள அட்டை எண்ணையும் வங்கி இரகசிய எண்ணையும் பட்டியலில் எழுத வேண்டாம். மாதம் ஒருமுறை பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

அன்பர்களே, அன்று நம் பெயருக்கு நேரே குறி போடும் உரிமை கிராணியாரிடம் இருந்தது. நம் வீட்டுப் பட்டியலில் அந்த உரிமை நம்முடையது. இன்றிரவே முதல் வரியை எழுதுவோம். வீட்டில் இன்னும் பத்திரம் எடுக்காத பிள்ளை யாராவது இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரே முதல் வரியாக இருக்கட்டும்.